கட்டு மாற்றுவதற்கு முன் காலைத் தொட்டுப் பாருங்கள்: ஆறாத கால் புண்ணும் பிறவி ரத்தக் குழாய்க் கோளாறும்

வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. வலது கணுக்காலுக்கு மேலே, வெளிப்பக்கமாக, ஒரு வருடத்துக்கு மேல் ஆறாத புண். சுகர் இல்லை. பிறந்ததிலிருந்தே அந்தக் காலில் ஒயின் கொட்டிய மாதிரி ஒரு சிவப்பு மச்சம் இருக்கிறது, அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் தடிமன். இத்தனை நாள் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது ஒரு டாக்டர் "இது பிறவியிலேயே வந்த ரத்தக் குழாய்க் கோளாறு" என்று சொல்லியிருக்கிறார். பிறவிக் கோளாறு என்றால் 68 வயதுவரை எங்கே போயிருந்தது, ஆபரேஷன் வேண்டுமா, காலை எடுக்க வேண்டி வருமா என்று மகள் கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. 26 வருடம் ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் டிரஸ்ஸிங் அறையில். ஆறாத கால்களைத் தினமும் பிரித்துக் கட்டியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 68 வயதில் எப்படி வரும்? கோளாறு அன்றைக்கே இருந்தது, புண்தான் இப்போது வந்திருக்கிறது. கருவில் ரத்தக் குழாய்கள் உருவாகும்போதே சில இடங்களில் வடிவம் தப்பிவிடும். குழந்தைகளுக்கு முதல் மாதங்களில் வேகமாக வளர்ந்து பிறகு தானாகச் சுருங்கும் சிவப்புக் கட்டிகள் இருக்கின்றனவே, அது வேறு ஜாதி. இது சுருங்காது, ஆளோடு சேர்ந்து வளரும். 1982-ல்தான் மல்லிக்கன், குளோவாக்கி என்ற இரண்டு டாக்டர்கள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் சொல்லிவந்தார்கள். உங்கள் அப்பா பிறந்த காலத்தில் "மச்சம், அதிர்ஷ்டம்" என்று பாட்டி சொல்லியிருந்தால் அவர்மேல் குற்றம் இல்லை.

இளவயதில் அந்தக் கால் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், ஆடுசதையால். நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால்வரை உள்ள ரத்தத்தின் எடை முழுதும் கணுக்கால் சிரைகளின்மேல், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களின்மேல், உட்கார்ந்திருக்கும், அது 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வரும். நடக்கும்போது ஆடுசதை இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளும், சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பக் கீழே விழாமல் பிடிக்கும், அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உங்கள் அப்பாவின் காலில் சில சிரைகளுக்கு வால்வே இருந்திருக்காது. ஆனாலும் 30 வயதில் சைக்கிள் மிதித்தார், மாடி ஏறினார், சதை பலமாக இருந்தது, ஓடியது. 60-க்கு மேல் மூட்டுவலி, நடை குறைகிறது, கணுக்கால் விறைக்கிறது, சதை கரைகிறது, தோல் மெலிகிறது. பல வருடம் தேங்கிய ரத்தத்திலிருந்து இரும்புச் சத்து தோலுக்குள் கசிந்து கணுக்காலைச் சுற்றிக் கருத்துப் போயிருக்கும், தொட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாள் ஸ்டூல் காலில் இடிக்கிறது, அல்லது கொசு கடித்த இடத்தைச் சொறிகிறார். அந்தச் சின்னக் கீறல் ஆறுவதற்குத் தேவையான ரத்த ஓட்டம் அந்த இடத்துத் தோலில் இல்லை.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், ஏற்கெனவே அழுத்தம் கூடிய காலில் அது இன்னும் சுமை. நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை உண்டு. ரத்த அணுக்கள் சம்பந்தமான நோய்க்கு ஹைட்ராக்சியூரியா சாப்பிடுகிறவர்களுக்கும் கணுக்காலில் ஆறாத புண் வரும். புண்ணைக் காட்டப் போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். "ரத்தக் குழாய்க் கோளாறு" என்று ஒரே வார்த்தையில் டாக்டர் சொன்னாரே, அதற்குள் இரண்டு தனித்தனி உலகம் இருக்கிறது. ஒன்று மெதுவாக ஓடுவது, மற்றது வேகமாக ஓடுவது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் கத்தி வைப்பதும் தவறு, இறுக்கிக் கட்டுவதும் தவறு, சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பதும் தவறு. என் வேலைக் காலத்தில் நான் பார்த்த பெரிய விபரீதங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கை வைத்ததால் வந்தவை.

வேகமாக ஓடுவது என்றால் என்ன? இதயத்திலிருந்து வரும் தமனியும், திரும்பிப் போகும் சிரையும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்க வேண்டிய முடி போன்ற நுண்குழாய்கள் இருக்காது. வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலுக்குள் பாயாமல், மடை உடைந்து நேராக வடிகாலில் விழுகிற மாதிரி. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், பயிர் காயும். தோலும் அப்படித்தான், பக்கத்திலேயே ரத்தம் பாய்ந்தோடும், ஆனால் தோலுக்குப் பிராணவாயு போய்ச் சேராது. வடிகால் பக்கமோ தமனியின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் புடைத்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது தோல்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டீக்கடையில் மாஸ்டராக இருந்தவர், 60 தாண்டியவர். தினம் 14 மணி நேரம் நின்றே வேலை. இடது காலில் புண், மூன்று வருடமாக. வேறு எங்கேயோ வெரிகோஸ், அதாவது சிரை புடைத்துச் சுருண்டது, என்று சொல்லி எலாஸ்டிக் கட்டு கொடுத்திருந்தார்கள், கட்டினால் வலி கூடுகிறது என்று அவிழ்த்து எறிந்துவிடுவார், "ஒத்துழைக்காத பேஷன்ட்" என்று சீட்டில் எழுதியிருந்தது. முதல் நாள் நான் புண்ணைக் கழுவிவிட்டு, புண்ணுக்கு நாலு விரல் மேலே உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது, மற்ற காலைவிட நன்றாகவே சூடு. கையை எடுக்காமல் இருந்தபோது இன்னொன்று தெரிந்தது. தையல் மெஷின் ஓடும்போது அந்தப் பலகையில் கை வைத்தால் ஒரு அதிர்வு வருமே, அது. விடாமல். ஸ்டெதஸ்கோப் வைத்தால் 'ஹூம் ஹூம்' என்று இடைவிடாத இரைச்சல். "ஐயா, இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன். "அது எப்பவுமே இருக்கும்மா, ராத்திரி படுத்தா எனக்கே கேக்கும், நரம்புத் துடிப்புன்னு நெனச்சேன்" என்றார். மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் அதைச் சுற்றி இருந்த காலைத் தொட்டிருக்கவில்லை.

பிறகு டாக்டர் வந்து, தொடையில் அந்தக் காலுக்குப் போகும் தமனியை விரலால் அழுத்திப் பிடித்தார். நான் கையில் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்திய சில நொடிகளில் நாடி மந்தமானது, விட்டதும் மறுபடி ஏறியது. இது பழைய சோதனை, 19-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோலாடோனி, பிரான்ஹாம் என்ற இருவர் எழுதி வைத்தது. காலில் இருக்கும் குறுக்கு வழியால் இதயம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது, அந்த வழியை அடைத்த கணமே இதயத்துக்கு ஓய்வு. இதனால்தான் பெரிய அளவில் இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குக் கடைசியில் மூச்சு வாங்குகிறது, இதயம் தளர்கிறது. கால் புண்ணுக்கு வந்தவரை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க அனுப்பினால் "புண்ணுக்கும் ஹார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்காதீர்கள். இந்த வகையை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள்: சூடும் சிவப்பும் மட்டும், பிறகு வளர்ந்து துடிப்பது, பிறகு புண்ணும் ரத்தக் கசிவும், கடைசியில் இதயத் தளர்ச்சி. புண் வந்துவிட்டது என்றாலே மூன்றாம் நிலை.

உங்கள் அப்பாவுடையது, நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அனேகமாக மெதுவாக ஓடுகிற வகை. பிறவிச் சிவப்பு மச்சம், தடித்த கால், வெளிப்பக்கச் சிரைகள் புடைப்பது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கிளிப்பெல் டிரெனோனே என்பார்கள், 1900-ல் எழுதிய இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் பெயர். அதே தோற்றத்தில் ஆனால் உள்ளே வேகமாக ஓடுவது பார்க்ஸ் வெபர், 1907. வெளியில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால் வெகுகாலம் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே நோயாகவே எழுதிவந்தார்கள். ஆகவே நான் இங்கே இருந்து சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையை வைத்துப் பாருங்கள், சூடு இருக்கிறதா, அதிர்வு இருக்கிறதா என்று, பிறகு குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

புண் வெளிப்பக்கம் என்று நீங்கள் எழுதியதைக் கவனித்தேன். சாதாரண வெரிகோஸ் புண் பெரும்பாலும் கணுக்காலின் உட்புறம் வரும். வெளிப்புறம் வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கருவில் இருக்கும்போது காலின் வெளிப்பக்கமாக ஒரு பெரிய சிரை ஓடும், அது பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டியது, கிளிப்பெல் டிரெனோனே காரர்களுக்கு மறையாமல் தங்கிவிடும். பாதத்தின் வெளி ஓரத்திலிருந்து தொடைவரை கயிறு மாதிரி தெரியும், வால்வு கிடையாது. அப்பாவை நிற்க வைத்துப் பாருங்கள், படுத்திருக்கும்போது தெரியாது. வெளிப்புறப் புண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டு. உயர் ரத்த அழுத்தத்தால் சின்னத் தமனிகள் சுருங்கி வரும் மார்ட்டோரெல் புண் அந்த இடத்தில்தான் வரும், அளவுக்கு மீறி வலிக்கும். தமனி அடைப்புப் புண்ணும் வரலாம், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் இருந்தவர் என்றால்.

இங்கே ஒரு சொல் பிரச்சினை இருக்கிறது, நம் ஊரில் பலரை அலைய வைப்பது. நாம் சிரையையும் "நரம்பு" என்கிறோம். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போய் உட்கார்ந்து, அங்கே ஒரு ஸ்கேன் எடுத்து, மாதங்கள் ஓடிவிடும். இது ரத்தநாளம். பார்க்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜன். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. குழாய் வழியாக உள்ளே போய் அடைக்கும் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் பேர் பெற்றது, தென் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் போவார்கள். இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கிற இடமாக இருக்க வேண்டும், பக்கத்து ஊர் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் எனக்கு மனதில் ஒரு பாரம் உண்டு. ஓர் அம்மா, வயது 60 இருக்கும், இதே மாதிரி பிறவி மச்சம் உள்ள கால். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை, அங்கே சாதாரண வெரிகோஸ் என்று நினைத்து, புடைத்துத் தெரிந்த சிரைகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டார்கள். இந்தக் கோளாறில் சிலருக்குக் காலின் உள்ளே இருக்க வேண்டிய ஆழ்சிரை சரியாக உருவாகியிருக்காது, சிலருக்கு இருக்கவே இருக்காது. வெளியில் புடைத்துத் தெரிகிற அந்த அசிங்கமான சிரைதான் ரத்தம் திரும்பிப் போக இருக்கிற ஒரே பாதை. அதை எடுத்துவிட்டால்? அந்த அம்மாவின் கால் எங்களிடம் வந்தபோது தொடைவரை வீங்கி, தோல் மினுமினுத்து, மூன்று இடத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. எடுத்த சிரையைத் திரும்ப வைக்க முடியாது. அவர் மாதா மாதம் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போனார், ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை, எனக்குத்தான் அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும். ஆழ்சிரை இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்துவிட்டீர்களா என்று அப்பாவின் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வேகமாக ஓடும் வகையில் செய்யக் கூடாதது வேறு. ரத்தம் கொண்டுவரும் தமனியை மேலே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். செய்தால் சில மாதத்தில் சுற்றிலும் உள்ள சின்னத் தமனிகள் எல்லாம் பெருத்து அதே குறுக்கு வழிக்குள் ரத்தத்தைக் கொட்டும், முன்னைவிட மோசமாகும். அதோடு, பிற்பாடு கம்பி விட்டு உள்ளே போய் அடைப்பதற்கு இருந்த நேர்வழியும் மூடிப்போயிருக்கும். சரியான முறை, மடை உடைந்த அந்த இடத்தையே, தமனியும் சிரையும் கலக்கும் நடுப்புள்ளியையே அடைப்பது. தொடையில் ஊசித் துளை போட்டு மெல்லிய குழாயை அங்கேவரை கொண்டுபோய், பசையோ, ஆனிக்ஸ் என்ற திரவமோ, சுத்தமான ஆல்கஹாலோ செலுத்துவார்கள். ஆல்கஹால் பலமானது, ஆனால் பக்கத்துத் தோலையும் நரம்பையும் கருக்கிவிடக் கூடியது, கை தேர்ந்தவர் செய்ய வேண்டும். ஒரே தடவையில் முடியாது, பல அமர்வு. டீ மாஸ்டருக்கு மூன்று அமர்வு ஆனது, இரண்டாவதற்குப் பிறகுதான் புண்ணின் அடியில் சிவந்த புதுச் சதை தலைகாட்டியது.

மெதுவாக ஓடும் வகைக்கு வழி சுலபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிதானம். ஆழ்சிரை நன்றாக இருந்தால், வெளிப்பக்கப் பெரிய சிரையை லேசரால் மூடலாம், சின்னவற்றுக்கு ஊசி மூலம் நுரை மருந்து. சாதாரண வெரிகோஸ் புண்ணில் இது எவ்வளவு உதவும் என்று இங்கிலாந்தில் 450 பேரிடம் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். வெறும் கட்டு மட்டும் போட்டு, சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்குப் புண் ஆறப் பாதிப் பேருக்கு 82 நாள் ஆனது, சீக்கிரமே சிரையை மூடியவர்களுக்கு 56 நாள். பிறவிக் கோளாறு உள்ள காலுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது, ஆனால் அடியில் உள்ள அழுத்தத்தைக் குறைத்தால் மேலே உள்ள புண் மூடும் என்பது இரண்டுக்கும் பொது. சிரோலிமஸ் என்ற மாத்திரையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள், கசிவும் வலியும் குறைகிறது. அது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, திறந்த புண்ணோடு இருக்கும் வயதானவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது டாக்டர் எடை போட வேண்டிய விஷயம்.

எந்த ஊசி, ஆபரேஷனுக்கும் முன்னால் ரத்தத்தில் டி-டைமர், ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் சோதனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தேங்கிய ரத்தம் உள்ளேயே உறைந்து உறைந்து, உறைவதற்கான சத்துத் தீர்ந்துபோயிருக்கலாம். தோலுக்கு அடியில் பச்சைப் பட்டாணி மாதிரி கெட்டியாக உருளுகிறதா என்று தடவிப் பாருங்கள், பழைய உறைகட்டி சுண்ணாம்பாகிப் போனது அது, எக்ஸ்ரேயில் வெள்ளை உருண்டையாகத் தெரியும். இதே உறைகட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் ஆபத்து. திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் காலைக்கூடப் பார்க்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்வது. அழுத்தக் கட்டுதான் மெதுவாக ஓடும் வகைக்கு முதுகெலும்பு. ஆனால் கட்டுவதற்கு முன் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து வகுத்துப் பார்க்க வேண்டும். கணுக்கால் அளவு கையின் அளவில் 0.8-க்கு மேல் இருந்தால் முழு அழுத்தம் கட்டலாம், 0.5-க்குக் கீழே என்றால் கட்டவே கூடாது, கால் கருத்துவிடும். நடுவில் இருந்தால் குறைந்த அழுத்தம், கண்காணிப்போடு. சுகர்காரர்களுக்குத் தமனி சுண்ணாம்பு பிடித்து விறைத்திருப்பதால் இந்தக் கணக்கு பொய் சொல்லும், கால் விரலில் அளக்க வேண்டும். கட்டு விரல்கள் தொடங்கும் இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை போக வேண்டும், குதிகாலையும் சேர்த்து. பலர் புண் இருக்கிற இடத்தில் மட்டும் நாலு சுற்று சுற்றிவிட்டு விடுவார்கள், அதற்குக் கீழே பாதம் பணியாரம் மாதிரி வீங்கும். காலையில் எழுந்து காலைக் கீழே தொங்கவிடுவதற்கு முன் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வலி கூடினால், விரல் நீலமானால், மரத்தால், அவிழ்த்துவிட்டுச் சொல்லுங்கள். டீ மாஸ்டர் அவிழ்த்து எறிந்ததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, அவருடைய கால் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

புண்ணைக் கழுவக் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். ஸ்பிரிட் வேண்டாம், நுரை வரும் பெராக்சைடு வேண்டாம், மஞ்சள், சாம்பல், காபித்தூள் எதுவும் வேண்டாம், புதிதாக முளைக்கும் செல் எல்லாம் செத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பவுடர் இருக்கிறதே, அதில் பெரும்பாலும் நியோமைசின் என்ற ஆண்டிபயாடிக் இருக்கும். நாள்பட்ட கால் புண்காரர்களுக்கு அது ஒவ்வாமை ஏற்படுத்துவது மிகவும் சாதாரணம். புண்ணைச் சுற்றி அரித்து, சிவந்து, நீர் கோத்தால் "புண் பெரிசாகுது" என்று இன்னும் கொஞ்சம் பவுடர் தூவுவார்கள். சுற்றுத்தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். ஆண்டிபயாடிக் மாத்திரை, சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சீழ் வந்தால் மட்டும். புண்ணில் பஞ்சு வைத்துத் துடைத்துக் கல்ச்சர் அனுப்பினால் ஏதோ ஒரு கிருமி வந்தே தீரும், அதற்காகவெல்லாம் மாத்திரை வேண்டாம்.

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து ஏற்றுங்கள், அரை அடி உயரம். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைப்பதைவிட இது மேல். தமனி அடைப்பு இருப்பவருக்கு மட்டும் இப்படிச் செய்யக் கூடாது, அவருக்குக் காலை உயர்த்தினால் வலி கூடும், தொங்கவிட்டால்தான் சுகம். அதுவே ஓர் அடையாளம். டிவி பார்க்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், விளம்பரம் வரும்போதெல்லாம். தினம் முட்டை, பருப்பு, நெல்லிக்காய். ரத்த அளவு பார்த்துவிடுங்கள், துளித் துளியாகக் கசிந்தே ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும், அதோடு எந்தப் புண்ணும் ஆறாது.

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டால் என்ன செய்வது என்று. பெரும்பாலும் குளிக்கும்போது நடக்கும், வெந்நீர் பட்டு மேல்பொருக்கு இளகி. வலிக்காது. வலிக்காததால் பயம் தெரியாது, ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இப்படி உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த இடத்திலேயே, ஈரத் தரையானாலும், படுக்க வையுங்கள். காலை இதயத்துக்கு மேலே தூக்குங்கள், சுவரில் சாய்த்தாலும் சரி. சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் புள்ளியில் வைத்து 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். முழங்காலுக்கு மேலே கயிறோ துண்டோ கட்ட வேண்டாம், அரைகுறையாகக் கட்டினால் சிரை அடைபட்டு ரத்தம் இன்னும் கூடும். நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுத்தியும் துடித்துத் துடித்துப் பீறினால் அது வேகமாக ஓடும் வகை, அழுத்திய கையை எடுக்காமலே 108-ல் ஏற்றுங்கள். குளியலறைக் கதவை இனிமேல் அப்பா உள்ளே தாழ் போட வேண்டாம்.

புற்றுநோய் பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஆறாத புண்ணில் தோல் புற்று வரலாம், மார்ஜோலின் என்பார்கள். ஓரம் தடித்து வெளிப்பக்கம் மடங்குவது, காலிஃபிளவர் மாதிரி சதை முளைப்பது, புதிதாக நாற்றம், தொட்டால் ரத்தம். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் டாப்ளர் எடுத்து உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, ரத்தத்தை நிறுத்த வசதி உள்ள இடத்தில். எதிர்ப்பக்கமும் நடக்கும். வேகமாக ஓடும் வகையில் தோல் ஊதா நிறமாகத் தடித்து, கபோசி என்ற புற்றுநோய் மாதிரியே தோன்றும், நுண்ணோக்கியில்கூடக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். அது புற்று இல்லை. அதைக் கேட்டு ஒரு குடும்பமே இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலை எடுக்க வேண்டி வருமா? பெரும்பாலானவர்களுக்கு வராது. நிற்காத ரத்தப்போக்கு, உடம்பு முழுதும் பரவிய தொற்று, இதயம் தாங்காத நிலை, புற்று, கருகிப்போன பாதம், இந்த மாதிரி நிலைமையில்தான் அந்தப் பேச்சே எடுப்பார்கள். ஆனால் முழுக்கக் குணமாகிவிடும் என்றும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாயின் வடிவம் மாறப் போவதில்லை. புண் மூடும், ஸ்டாக்கிங்ஸ் வாழ்நாள் முழுதும் இருக்கும், எப்போதாவது திரும்பத் திறக்கும், திரும்ப மூட வேண்டும். டீ மாஸ்டருக்கு ஏழு மாதத்தில் மூடியது. நிற்கிற வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார், காலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டு.

ஸ்கேனுக்குப் போகும்போது அப்பாவை நிற்க வைத்தும் எடுக்கச் சொல்லுங்கள், படுத்த நிலையில் மட்டும் எடுத்தால் சிரை ரத்தம் கீழ்நோக்கி விழுவது தெரியாது. பழைய கட்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வீட்டு அலமாரியில் அப்பாவின் பள்ளிக்கூட வயதுப் போட்டோ, அரை டிராயர் போட்டது, ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எங்கள் வார்டில் ஒரு பெரியவரின் மகன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார், ஐந்தாம் வகுப்பு, வரிசையாக நிற்கும் பையன்கள், அதில் ஒரு பையனின் இடது கெண்டைக்கால் மட்டும் வலதைவிடப் பருத்து, முழங்காலுக்குக் கீழே கருநிழல் மாதிரி ஒரு திட்டு. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் முதல் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.